கடல்வழி ஐந்தாம் பாகமும் கோப்புக் கிழவரும்

1

சென்ற வாரம் என் மறுநுழைவு அனுமதியைப் புதுப்பித்தேன். இங்கே சிங்கப்பூரில் என்னைப் போன்ற நிரந்தரவாசிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தாக வேண்டிய வேலை அது. செய்யாமல் வெளிநாடு போனால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும். ஈசூன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கைபேசியில் பத்துப் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பி, பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது அடுப்பில் குக்கர் மூன்றாவது விசிலே அடிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது. இருபத்து நான்கு வருடம் ஒரு நாட்டில் இருந்தவனுக்கு ஒரு குழம்பு கொதிக்கிற நேரம்கூடப் பிடிக்கவில்லை.

ஒரு கட்டத்தில் மட்டும் கை நின்றது. குடும்பத்தினரின் வேலை என்ன என்று கேட்டிருந்தது. மனைவி கலாவுக்குப் பாலர்பள்ளி ஆசிரியை என்று போட்டேன். மகள் நிவேதாவுக்கு எழுத்தாளர் என்று போட்டேன். ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் 'ஏதோ கம்ப்யூட்டர்' என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஒரு மாதம் நான் பட்ட பாட்டை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது, அதனால் சொல்கிறேன்.

2

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். எனக்கு ஐம்பது வயது. துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். தலைக்கவசம் போடாதவனைக் கண்டால் குரலை உயர்த்துவது என் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் கணினியில் வாள் சுற்றுவேன்.

சும்மா சுடுகிற விளையாட்டு இல்லை. கதைக்குள் ஒரு பாத்திரமாக நாமே நுழைந்து, ஊர் ஊராகப் போய், யாரிடம் என்ன பேசுவது, யாரை நம்புவது என்று நாமே முடிவெடுக்கிற வகை. நான் விளையாடும் தொடருக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. எங்கள் கூட்டம் அதைக் கடல்வழி என்று சொல்லும். திருச்சியில் பாலிடெக்னிக் படித்தபோது விடுதியில் இருந்த ஒரே கணினியில் முதல் பாகத்தை முறை வைத்து விளையாடினோம். மூன்றாம் பாகம் வந்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன், நிவேதாவுக்கு ஒன்பது வயது. எனக்கு ஆங்கில வசனங்களை வேகமாகப் படிக்க வராது. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வைத்துப் படித்துச் சொல்வாள். கிழவி என்றால் நடுங்கும், தளபதி என்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். நான்காம் பாகம் வந்தபோது அவளுக்குப் பதினைந்து. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் அறையில் தனியாக விளையாடினாள். நான் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன் என்று திருத்தினாள். அதிலிருந்து அவள் முன்னால் சத்தமாகப் படிப்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சிராங்கூன் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் ஷாகுல் பாய் கைபேசிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா நாகூரிலிருந்து வந்தவர். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அதற்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். தொழிலாளர் விடுதியிலிருந்து வருபவர்கள், மருத்துவமனைத் தாதியர், பல்கலைக்கழக மாணவர்கள் என்று கலவையான கூட்டம். கைபேசியில் ஒரு குழுவும் உண்டு. நிவேதாவை நான்தான் எப்போதோ அதில் சேர்த்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

3

ஐந்தாம் பாகம் வந்தது. வந்த வாரமே உலகம் இரண்டாகப் பிளந்துவிட்டது. உலகம் என்றால் எங்கள் உலகம்.

தாதியாக இருக்கும் ரேவதிக்குச் சண்டை பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நம் முறை, எதிரியின் முறை என்று மாறி மாறி வரும். நடுவில் காப்பி போட்டுக்கொண்டு வரலாம். இப்போது கண் சிமிட்டினால் தலை போய்விடுகிறது என்றார். விடுதியிலிருந்து வரும் முருகேசனுக்கு வரைபடம் பெரிதாகிவிட்டது என்று குறை. வாரத்துக்கு ஒருநாள் விடுமுறை, அந்த ஒருநாளில் ஒரு காட்டைத் தாண்டவே பொழுது போய்விடுகிறது என்றான். மாணவர்கள் இதுபோல் ஒன்று வந்ததே இல்லை என்றார்கள். பழைய தோழர்களையெல்லாம் கதையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று இரண்டு பேர் குழுவை விட்டே விலகினார்கள். ஷாகுல் பாய் கவலைப்பட்டார்.

"இப்படியே விட்டா கூட்டம் உடைஞ்சிடும் லா, குணாண்ணே. எல்லாரையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சு முறையா சண்டை போட வைக்கணும்" என்றார்.

தமிழர்களிடம் முறையான சண்டைக்கு ஒரு வழிதான் இருக்கிறது. பட்டிமன்றம் வைத்தோம். 'கடல்வழி ஐந்து தொடரை உயர்த்தியதா, கவிழ்த்ததா?' நடுவர் ஷாகுல் பாய். யார் எந்த அணி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கு வந்தது கவிழ்த்தது. உண்மையில் எனக்கு அந்தப் பாகம் நன்றாகவே பிடித்திருந்தது, அப்போது முக்கால்வாசி முடித்திருந்தேன். ஆனால் சீட்டில் வந்த கட்சிக்குப் பேசுவதுதான் பட்டிமன்ற தர்மம். பிடிக்காத ஒன்றை முதலில் தேடிக்கொண்டேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, ஒன்றே ஒன்று எனக்கு நிஜமாகவே பிடிக்காமல் இருந்தது.

கதையில் பாதி வழியில் ஒரு தீவு நகரம் வருகிறது. உள்ளே போக வேண்டுமானால் வாசலில் ஏழு முகப்புகளில், அதாவது கவுன்டர்களில், முத்திரை வாங்க வேண்டும். கையில் எண் கொடுத்து வரிசையில் நிற்க வைத்துவிடுகிறார்கள். நமக்கு முன்னால் ஒரு கிழவர் நிற்கிறார். மெழுகுத்துணியில் சுற்றிய காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று இரண்டிரண்டு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பெயர்கூட இல்லை. ரசிகர்கள் கோப்புக் கிழவர் என்று வைத்துவிட்டார்கள். இணையம் முழுக்க அவரை வைத்துத்தான் கேலிப்படங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, மூலையில் ஒருவன் போலி முத்திரை விற்கிறான். நான் கிழவரைப் பார்த்த அரை நிமிடத்தில் அவனிடம் போய்விட்டேன். வாழ்க்கையில் ஒருமுறைகூட வரிசையை முந்தாதவன் நான். அங்கே ஏன் அவ்வளவு அவசரமாக ஓடினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று மாடி அறையில் வெளுத்து வாங்கினேன். நடுவர் அவர்களே, நான் கேட்டது கத்தி, கொடுத்தது டோக்கன் என்றேன். நான்கு பாகம் உலகத்தைக் காப்பாற்றினேன், ஐந்தாம் பாகத்தில் நகல் எடுக்கக் கடை தேடினேன் என்றேன். பிறகு கிழவரை நடித்தேன். சாப்பாட்டுக் கடையின் உணவுப் பட்டியலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, கழுத்தை நீட்டி முகப்பை எட்டிப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு, எல்லாம் சரியா இருக்கு" என்றேன். ரேவதிக்குப் புரை ஏறிவிட்டது. ஷாகுல் பாய் மேசையைத் தட்டித் தட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டிக் குழுவில் போட்டார்கள். தீர்ப்பு என்ன ஆனது என்று யாருக்கும் நினைவில்லை, என் நடிப்பு மட்டும் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரயிலில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

4

நிவேதா கிளமெண்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வேலை செய்யும் இடம் அங்கிருந்து பக்கம். கல்யாணம் ஆகாத பெண் ஒரே ஊரில் அப்பா வீடு இருக்கும்போது வாடகை அறையில் இருப்பதா என்று ஊரிலிருந்து ஆளாளுக்குக் கேட்டார்கள். ஈசூனிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று நான் எல்லாரிடமும் பதில் சொன்னேன். என்னிடமே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

என்ன வேலை என்று சரியாகத் தெரியாது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக ஒப்பந்த வேலை, சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றாள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். நான் அந்த விஷயத்தில் கறாரான ஆள். இரண்டு வருடமாக அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். பட்டிமன்றத்துக்கு அடுத்த ஞாயிறு வரவில்லை. வேலை அதிகம் என்று செய்தி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. குடும்பக் குழுவில் நான் எது போட்டாலும் ஒரு கட்டைவிரல் மட்டும் வரும். கூட்டத்தின் குழுவில் என் காணொளியை யார் யார் பார்த்தார்கள் என்று தேடினேன். அவள் பெயரும் இருந்தது. முதல் நாளே பார்த்திருக்கிறாள்.

கலாவிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். அவளுக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், சிரித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. உங்களையே நடிச்சுக் காட்டியிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. இது விளையாட்டில் வரும் ஒரு கிழவர், அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

5

மூன்றாவது சனிக்கிழமை மதியம் விளையாட்டை முடித்தேன். முடிந்ததும் கடைசியில் பெயர்கள் ஓடும். நான் அதைப் பார்க்கிறவன் இல்லை, ஒரு பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவேன். அன்று கையில் உப்புமாத் தட்டு இருந்தது. விரலெல்லாம் நெய். சரி, ஓடட்டும் என்று விட்டேன்.

ஓவியம், இசை, ஒலி என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் மேலே ஏறிப் போயின. பிறகு கதை எழுதியவர்கள். பிறகு ஒவ்வொரு ஊரின் கிளைக்கதைகளை எழுதியவர்கள். தீவு நகரத்துக்குக் கீழே இரண்டே பெயர்கள். இரண்டாவது, நிவேதா குணசேகரன்.

நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொண்டு உலகம் சுற்றுகிறோம். அதனால் நான் அந்தத் திரையில் முதலில் பார்த்தது என் பெயரைத்தான். என் பெயர் எதற்கு இங்கே வருகிறது என்று ஒரு கணம் முழித்தேன். அப்புறம்தான் பக்கத்தில் இருந்த பெயரைப் படித்தேன். உப்புமாத் தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

கலாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் பெயர் போய்விட்டது. விவரத்தை வாயால் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு காணொளி ஞாபகம் வந்திருக்க வேண்டும், மலர்ந்த முகம் சுருங்கியது.

"அப்போ அது நீங்கதானே" என்றாள்.

6

ஆமாம். நான்தான்.

லாவெண்டர் பக்கம் குடிநுழைவுக் கட்டடத்தில் எத்தனை காலை நின்றிருக்கிறேன் என்று கணக்கில்லை. நிவேதா பிறந்த மூன்றாம் மாதம் நான் இங்கே வந்தேன். அவளுக்கு மூன்று வயதானபோது இருவரையும் அழைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இரவு வேலை, கலாவுக்கு ஒரு துணிக்கடையில் காலை வேலை. அனுமதி புதுப்பிக்க, முகவரி மாற்ற, பள்ளி மாணவர் அட்டை வாங்க என்று எதற்குப் போனாலும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேலை முடிந்து தளத்திலேயே குளித்து, பையில் மடித்து வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, அவளை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு நேராக வரிசைக்குப் போவேன்.

எல்லாவற்றுக்கும் மூன்று நகல் வைத்திருப்பேன். நிறம் பிரித்த தடுப்புத் தாள்கள் போட்ட கோப்பு, மழையில் நனையாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. முகப்பில் இருப்பவர் கேட்பதற்கு முன்பே பேப்பரெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலத்தில் தைரியமாகச் சொல்ல முடிந்த வாக்கியம் அது ஒன்றுதான். அதனால் இரண்டு தடவை சொல்வேன். நிரந்தரவாசத்துக்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் இல்லையென்று வந்தது, நான்காவது முறை கிடைத்தது. யார் மேலும் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு கடிதம் வந்தபோதும் குழந்தைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது. இந்தக் காலைகளையெல்லாம் அவள் மறந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதே சரி.

அவள் மறக்கவில்லை. எழுதியிருக்கிறாள். அதை நான் பார்த்த அரை நிமிடத்தில் போலி முத்திரை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அப்புறம் மாடியில் நின்று பதினைந்து பேருக்கு நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவள் உலகத்துக்கு எழுதிய முதல் எழுத்து. அதற்கு வீட்டிலிருந்து வந்த முதல் விமர்சனம் அப்பாவுடையது.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தூங்கவில்லை.

7

மறுநாள் சொல்லாமல் கிளமெண்டிக்குப் போனேன். சைனாடவுனில் ஒரு வேலை இருந்தது, அப்படியே வந்தேன் என்று ஒரு பொய்யை முதலில் தயார் செய்தேன். சைனாடவுன் எங்கே, கிளமெண்டி எங்கே என்று தோன்றியதும் அதை விட்டுவிட்டேன். ஈசூன் காப்பிக் கடையில் அவளுக்குப் பிடித்த கரிபாப், நம் ஊர்ச் சமோசா மாதிரி, நான்கு பொட்டலம் கட்டித் தாப்பாவ் செய்துகொண்டேன். ரயிலில் மன்னிப்பை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தினேன். காலையில் தொழிலாளர்களை நிற்க வைத்துப் பாதுகாப்பு அறிவுரை சொல்லிச் சொல்லி அப்படித்தான் பேச வருகிறது. ஒன்று, எனக்குத் தெரியாது. இரண்டு, பட்டிமன்றத்தில் சீட்டுப்படிதான் பேசுவார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் கிடைக்காமலேயே கிளமெண்டி வந்துவிட்டது.

அவள் அறையின் வீட்டுக்கார அம்மா விருந்தாளிகளை உள்ளே விடமாட்டார். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிமெண்ட் மேசைகள் இருக்கும், அங்கே உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். இறங்கி வந்தாள். அரைக்கால் சட்டை, கலைந்த தலைமுடி, கண்ணுக்குக் கீழே கறுப்பு. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றாள். நான் ஒன்று என்று ஆரம்பிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"சாரிப்பா. உங்களைக் கேட்டுட்டு எழுதியிருக்கணும்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க கண்டுபிடிச்சுட்டீங்கன்னு அந்த வீடியோ பார்த்தவுடனே தெரிஞ்சுடுச்சு. பட்டிமன்றம்னா சும்மா பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் நீங்க சும்மாதான் பேசினீங்க. அந்த இடத்துல மட்டும் உங்க குரல் மாறிடுச்சு. ரொம்பக் கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன்."

அப்போதுதான் விளங்கியது. அவளைக் காயப்படுத்திவிட்டேன் என்று நான் பயந்தது ஒரு ராத்திரி, அவளோ என்னைக் காயப்படுத்திவிட்டதாக மூன்று வாரமும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் வராமல் இருந்திருக்கிறாள். வெளியீடு முடிந்த முதல் ஞாயிறு எனக்குச் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தாளாம். அதற்குள் கேலிப்படங்கள் கிளம்பிவிட்டன. தினமும் வேலைக்குப் போனால் முதல் காரியமாக ரசிகர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். கிழவரின் தலையை வெட்டி எதன்மேலோ ஒட்டியிருப்பார்கள். அவர்களுக்கு அது யாரோ ஒரு கிழவர். இவளுக்கு அது அப்பா. உலகம் முழுக்க எங்கப்பாவைக் கிண்டல் பண்ண நானே எடுத்துக் கொடுத்துட்டேன் என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கண்டுபிடிக்கவே இல்லை என்று சொன்னேன். சத்தியமாகத் தெரியாது, நேற்று உப்புமா சாப்பிடும்போதுதான் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. நெய் விரலைப் பற்றிச் சொன்னதும் நம்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். என் மேலிருந்து ஒரு கப்பலை இறக்கி வைத்தது போல இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கரிபாப் சாப்பிட்டோம்.

"முழுசா விளையாடினீங்களா, அந்த வரிசையை?"

"இல்லம்மா. போலி முத்திரை வாங்கிட்டேன்."

"அப்பா. நீங்களா?"

மேலே போய்க் கையில் பிடித்து விளையாடும் சின்ன இயந்திரத்தை எடுத்து வந்தாள். வரிசைக்கு முந்தைய இடத்தில் சேமித்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து கிழவருக்குப் பின்னால் நின்றோம். எண்கள் மெதுவாக மாறின. நிஜமாகவே முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள். பாதிப் பேர் அதற்காகத் திட்டுகிறார்களாம். பிலிப்பைன்ஸில் யாரோ ஒருவர் நான்கு முறை நின்றேன் என்று எழுதியிருக்கிறாராம்.

ஒவ்வொரு எண் மாறும்போதும் கிழவர் பக்கம் திரும்பிப் பேசினால் அவர் ஒரு கதை சொல்கிறார். போலி முத்திரை வாங்கியவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. நிவேதா பழையபடி குரல் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு கப்பலுக்கும் அடியில் இன்னொரு கப்பல் தலைகீழாக ஓடுகிறதாம். மேலே இருப்பவர்கள் வேலை செய்து களைத்துப்போனால், கீழே இருப்பவர்கள் ஒருநாள் மாற்றாக வருவார்களாம். கதை நன்றாக இருந்தது. எப்படி யோசித்தாய் என்று கேட்டேன். படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுப்பா. எனக்கு அஞ்சு வயசு இருக்கும். நம்பர் வர்ற வரைக்கும் சொல்லிட்டே இருந்தீங்க."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்த வரிசையில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் கோப்பும் பயமும்தான். தமிழ்த் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறியவள், நான் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எனக்கே திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலையெல்லாம் உனக்குக் கஷ்டமாக இருந்ததா, அதனால்தான் எழுதினாயா என்று கேட்டேன்.

"கஷ்டமா? இல்லப்பா, எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுல இருந்தா நீங்க தூங்கிட்டிருப்பீங்க. அப்பா நைட் வேலை செஞ்சுட்டு வந்திருக்காரு, சத்தம் போடாதேன்னு அம்மா சொல்வாங்க. கியூல நிக்கும்போதுதான் நீங்க முழிச்சுட்டிருப்பீங்க. அடுத்து எப்போ போவோம்னு கேட்பேன், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்வியை நான் எப்போதும் நச்சரிப்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது முகப்பில் கிழவரின் எண் வந்தது. காகிதக் கட்டை அவிழ்த்தார். முத்திரை விழுந்தது. கதவு திறந்தது, அவர் உள்ளே நடந்துபோய்க் கூட்டத்தில் மறைந்துவிட்டார். அவ்வளவுதான். எங்கே போகிறார் என்று கேட்டேன்.

"எழுதியிருந்தேன்பா. கேம் ரொம்ப நீளமா போகுதுன்னு அதை வெட்டிட்டாங்க."

"என்ன எழுதியிருந்த?"

கரிபாப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "வீட்டுக்குப் போய்த் தூங்குவாரு. மறுநாள் மத்தியானம் வரைக்கும். அந்தத் தெருவுல யாருமே சத்தம் போட மாட்டாங்க."

நான் இயந்திரத்தை மேசையில் வைத்தேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், பதினைந்து வயதுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

8

திரும்பும்போது ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறியது நினைவிருக்கிறது. உட்கார இடம் கிடைத்ததும் நினைவிருக்கிறது. ஈசூனில் இறங்க வேண்டியவன், யாரோ தோளைத் தட்டி அங்கிள், கடைசி ஸ்டேஷன் என்று சொன்னபோதுதான் கண் விழித்தேன். மரினா சவுத் பியர். ஊரின் இன்னொரு முனை.

கலா மூன்று முறை கூப்பிட்டிருந்தாள், திரும்பக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறீர்கள், நிவேதா என்ன சொன்னாள் என்று கேட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அடுத்த ஞாயிறு சாப்பிட வருகிறாள், நான்தான் ரயிலில் தூங்கிவிட்டேன் என்றேன்.

"ரயில்லயா? நீங்களா? நைட் வேலை முடிஞ்சு வந்தப்பகூட ரயில்ல கண் மூடாத ஆளாச்சே" என்றாள்.

எதிர்நடைமேடையில் ரயில் வந்து நின்றது. ஏறி, ஓரமாக ஓர் இருக்கை பார்த்து உட்கார்ந்து, மறுபடியும் தூங்கினேன்.